மூங்கில் போர்வையில் மலைவாசி ஓவியம்: பில்லில் என்ன எழுதியிருக்கிறது?

கைக்குழந்தைக்கான சரக்கு இன்று மளிகைக் கடைக்குள்ளும் வந்துவிட்டது. முன்பெல்லாம் நம் கள்ளக்குறிச்சிக் கடைகளில் குழந்தைக்கென்று இருந்தவை வசம்பு, கிரைப் வாட்டர், பவுடர், சோப்பு, அவ்வளவுதான். துணிக்கு ஜவுளிக்கடை. அதுவும் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணியை உடனே போடமாட்டார்கள்; பாட்டியின் பழைய நூல்புடவையைக் கிழித்துத்தான் துண்டும் தூளியும். இன்று டயப்பர் விற்கிற கடையில் பக்கத்திலேயே குழந்தைப் போர்வையும் தொங்குகிறது. குழந்தை பார்க்கப் போகிறவர்கள் டப்பாவில் அழகாக மடித்து வைத்த சரக்கைக் கேட்கிறார்கள். பலசரக்கில் கிடைக்காத லாபம் இதில் கிடைக்கிறது. நல்ல வியாபாரம்தான், குறை சொல்லவில்லை.

இந்த வரிசையில் புதிதாக வந்திருப்பது ‘பேம்பூ’ போர்வை. மூங்கிலில் நெய்தது என்கிறார்கள். அதன் மேல் பழங்குடி ஓவியம் அச்சிட்டு வருவது இன்னும் புதிது. எங்கள் மொத்தக் கடைக்குச் சில மாதங்களுக்கு முன் வந்த ஏஜண்ட் ஒருவர் இப்படி ஆறு சாம்பிள் காட்டினார். தொட்டால் பட்டுப்போல வழுக்குகிறது. செம்மண், காவி, கறுப்பு நிறங்களில் புள்ளி புள்ளியாக வட்டங்கள், நடுவே உடும்பு போல ஒரு பிராணி. “இது என்ன டிசைன்?” என்று கேட்டேன். “டிரைபல் ஆர்ட் முதலாளி. நம்ம கல்வராயன்மலை ஆளுங்க போடறது” என்றார்.

கல்வராயன்மலைப் புளியும் கடுக்காயும் நாற்பது ஆண்டுகளாக வாங்கி விற்கிறவன் நான். வெள்ளிமலைப் பக்கம் நான் போகாத ஊர் குறைவு. இந்த மாதிரிப் படத்தை அங்கே எந்த வீட்டுச் சுவரிலும் பார்த்ததில்லை. ஆனால் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். மெல்போர்னில் இருக்கும் என் மகள் வீட்டுக் குழந்தைக்கு இதே மாதிரி ஒரு போர்வை வாங்கியிருந்தார்கள். அதில் தைத்திருந்த லேபிளில் ஓவியரின் பெயர், அவர் எந்தப் பழங்குடி, எந்த ஊர், அந்தப் படம் சொல்லும் கதை என்ன, அவருடைய உரிமத்தின் பேரில் அச்சிட்டது என்ற விவரம் எல்லாம் இருந்தன. ஏஜண்ட் காட்டிய சாம்பிளில் லேபிளே இல்லை. பில்லில் எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டதற்கு, ‘பேபி ஷீட் அசார்ட்டட்’ என்று போடுவதாகச் சொன்னார். வாயால் மூங்கில், வாயால் மலைவாசி. பில்லில் இரண்டும் இல்லை. இதைத்தான் நம் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

துணி எப்படி மூங்கில் ஆனது?

மூங்கில் என்றால் நமக்குத் தெரிந்தவை முறம், கூடை, ஏணி, பந்தல் கால். நம் மாவட்டத்திலேயே மூங்கில்துறைப்பட்டு என்று ஊர் இருக்கிறது. மலையில் தானியம் கொட்டி வைக்கும் தொம்பையை மூங்கிலில் பின்னிச் சாணம் மெழுகி வைப்பார்கள். கையைக் கிழிக்கும் அந்த மூங்கில் எப்படிப் பிள்ளையின் கன்னத்துக்கு ஆகிற மெத்தென்ற துணியாகும்?

மூங்கிலைச் சீவித் துண்டாக்கிக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்துக் கூழாக்குகிறார்கள். அதில் கார்பன் டைசல்பைடு என்ற ரசாயனத்தைச் சேர்த்தால் தேன் போன்ற பாகு கிடைக்கிறது. அந்தப் பாகைச் சல்லடைக்கண் போன்ற நுண்ணிய துளைகள் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் இடியாப்பம் பிழிவதுபோல் பிழிந்தால் இழை வருகிறது. இதற்குப் பெயர் விஸ்கோஸ் ரேயான். தைல மரத்தில் எடுத்தாலும் மூங்கிலில் எடுத்தாலும் கடைசியில் வருவது ஒரே இழைதான். மூங்கிலுக்குக் கிருமியைத் தடுக்கும் குணம் உண்டு என்று அட்டையில் அச்சிடுகிறார்களே, அது இத்தனை ரசாயனத்தில் கரைந்து வந்த பிறகு துணியில் மிஞ்சுவதற்கு ஆதாரம் இல்லை. மூங்கிலை நசுக்கி நார் உரித்து நெய்யும் முறையும் உண்டு. ஆனால் அது லினன் போல முரடாக இருக்கும், விலையும் அதிகம், சந்தைக்கு வருவதும் அபூர்வம்.

பசுமைத் துணி, இயற்கைத் துணி என்று சொல்வதையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கார்பன் டைசல்பைடு ஆலைத் தொழிலாளியின் நரம்பைப் பாதிக்கக்கூடியது. சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலையின் கழிவு பவானி ஆற்றைக் கெடுத்தது பற்றி எழுந்த போராட்டங்களை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்று மூங்கில் கூழ் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது.

துணி மோசம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விஸ்கோஸ் மிருதுவானது, வியர்வையை உறிஞ்சும், வெயில் காலத்துக்கு ஏற்றது. குழந்தைப் போர்வைகளில் பெரும்பாலும் பருத்தி கலந்தே வருகிறது. நனைந்தால் வலு குறையும், ஆகவே முறுக்கிப் பிழியாதீர்கள் என்று வாங்குகிறவருக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். இழையைக் கொளுத்திப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று சில நண்பர்கள் சொல்வார்கள். கொளுத்தினால் பாலியஸ்டரை மட்டும் பிடிக்கலாம். அது உருகிக் கெட்டியான உருண்டையாகும். பருத்தியும் விஸ்கோஸும் இரண்டுமே காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். ஆகவே மூங்கிலா இல்லையா என்பதைக் கடை வாசலில் யாராலும் சொல்ல முடியாது. தயாரித்தவர் எழுத்தில் கொடுப்பதுதான் ஒரே வழி.

அமெரிக்காவில் இந்த ஒரு சொல்லுக்காகக் கடைக்காரர்கள் கட்டிய அபராதத்தைக் கேளுங்கள். அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் 2009ல் முதலில் நான்கு விற்பனையாளர்கள் மேல் நடவடிக்கை எடுத்தது. விஸ்கோஸை ‘மூங்கில்’ என்று விற்றதுதான் குற்றம். 2010ல் 78 சில்லறை வணிக நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. அப்படியும் திருத்திக்கொள்ளவில்லை என்று 2013ல் அமேசான், மேசிஸ், சியர்ஸ், லியான் மேக்ஸ் ஆகிய நான்கும் சேர்ந்து 12 லட்சத்து 60 ஆயிரம் டாலர் கட்டின. 2022ல் வால்மார்ட் 30 லட்சம் டாலரும், கோல்ஸ் 25 லட்சம் டாலரும் கட்ட நேர்ந்தது. அன்றைய மதிப்பில் நம் பணத்தில் நாற்பது கோடி ரூபாய்க்கு மேல். கட்டியவர்கள் நூல் ஆலைக்காரர்களோ நெய்தவர்களோ அல்ல. மேசை போட்டு விற்றவர்கள்.

நம் நாட்டில் துணியில் எந்த இழை எத்தனை சதவீதம் என்று குறிக்க வேண்டும் என்பதற்கு 1988லேயே ஜவுளி நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் வந்துவிட்டன. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. தயாரித்தவர் யார் என்று காட்ட முடியாத சரக்கால் வாடிக்கையாளருக்குக் கெடுதல் நேர்ந்தால் விற்றவரே பொறுப்பாளி ஆகலாம். தயாரிப்பாளர் கொடுக்காத உத்தரவாதத்தை நாம் சேர்த்துச் சொன்னாலும் அப்படியே. “இதைப் போர்த்தினால் குழந்தைக்குச் சொறி வராதும்மா” என்று பையன் கல்லாவில் நின்று சொல்கிறானே, அதுவும் உத்தரவாதம்தான்.

படம் யாருடைய சொத்து?

துணியாவது சதவீதக் கணக்கு. படம் அதைவிடச் சிக்கலானது.

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் பாப்புன்யா என்ற ஊரில் 1971ல் பழங்குடிப் பெரியவர்கள், அதுவரை மணலிலும் உடம்பிலும் மட்டும் வரைந்து வந்தவற்றைப் பலகையில் வரையத் தொடங்கினார்கள். உலகம் முழுக்கப் பெயர் பெற்ற புள்ளி ஓவியம் இப்படித்தான் வெளியே வந்தது. அவர்களிடம் படம் என்பது வெறும் அலங்காரம் அல்ல. இன்ன நீர்ச்சுனை இன்ன குலத்துக்கு உரியது, இன்ன கதையை இன்னார்தான் வரையலாம் என்ற கட்டுப்பாடு உண்டு. நம் ஊரில் குலதெய்வக் கோயில் முதல் மரியாதை இன்ன குடும்பத்துக்கு என்று இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஒருவர் எடுத்துப் போட்டால் வரைந்தவருக்கு நஷ்டம் மட்டுமல்ல, சொந்த ஜனத்திடம் பதில் சொல்ல வேண்டிய நிலையும் வரும்.

வட ஆஸ்திரேலியாவின் யிர்க்கலா என்ற ஊரைச் சேர்ந்த வாஞ்சுக் மரிக்கா என்ற ஓவியர் 1970களில் தம் குலத்தின் புனிதப் படம் பாத்திரம் துடைக்கும் துண்டில் அச்சாகி விற்பதைப் பார்த்தார். அதற்குப் பின் சில ஆண்டுகள் தூரிகையையே தொடவில்லை. அவருடைய தங்கை பாண்டுக் மரிக்கா பெயரும் பின்னால் ஒரு வழக்கில் வந்தது. பெர்த் நகரத்து நிறுவனம் ஒன்று வியட்நாமில் கம்பளம் நெய்வித்து, எட்டு பழங்குடி ஓவியர்களின் படங்களை அனுமதியில்லாமல் அதில் போட்டு விற்றது. ஓவியர்களுக்குப் பங்குத்தொகை போகிறது என்று லேபிளில் வேறு எழுதியிருந்தார்கள்! 1994 டிசம்பரில் நீதிமன்றம் ஒரு லட்சத்து 88 ஆயிரம் டாலருக்கு மேல் நஷ்டஈடு விதித்தது. பண நஷ்டத்துக்கு மட்டுமல்ல, மனத்துக்கும் மரபுக்கும் நேர்ந்த காயத்துக்கும் சேர்த்து. நிறுவனம் திவாலாகிவிட்டதால் பணம் ஓவியர்கள் கைக்கு வரவில்லை என்பது தனிக்கதை.

நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகள் படிக்க வேண்டியது பிருபி ஆர்ட் வழக்கு. இந்த நிறுவனம் ஆஸ்திரேலியா முழுவதும் உள்ள நினைவுப்பொருள் கடைகளுக்குச் சரக்குப் போட்டது. 2015 ஜூலை முதல் 2017 நவம்பர் வரை 18 ஆயிரத்துக்கு மேற்பட்ட உருப்படிகள். ‘கையால் வரைந்தது’, ‘பழங்குடிக் கலை’ என்ற எழுத்துகள். செய்தது இந்தோனேசியாவில். அங்குள்ள போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடர்ந்து, 2019ல் 23 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் 2022ல் அந்நாட்டு அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் தந்த அறிக்கை, பழங்குடிப் பெயரில் விற்கும் நினைவுப்பொருள்களுக்கு மக்கள் செலவிடும் பணத்தில் பாதிக்கு மேல் போலிச் சரக்குக்கே போகிறது என்கிறது.

இதையெல்லாம் ஆஸ்திரேலியக் கதை என்று தள்ள வேண்டாம். நீலகிரியில் தோடர்கள் சுமார் இரண்டாயிரம் பேரே இருக்கிறார்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாக அவர்கள் பெண்கள் போடும் பூவேலைக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு சால்வை முடியப் பல வாரங்கள் ஆகும். அதே கோலத்தை அச்சடித்தோ மெஷினில் தைத்தோ விற்கிற சால்வை சில நிமிட வேலை. விலையில் அவர்கள் எப்படிப் போட்டி போடுவார்கள்? இன்னொன்றும் உண்டு. தோடர்கள் விசேஷத்துக்குப் போர்த்தும் அந்தப் புட்குளியைத்தான் இறந்தவர் உடலுக்கும் போர்த்துகிறார்கள். எந்தக் கோலம் எதற்கு என்று தெரியாமல் எடுத்துக் குழந்தைப் போர்வையில் அடிக்கிறவர், என்ன அடிக்கிறோம் என்று அறியாமலே அடிக்கிறார்.

புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் போலிப் பெயரிட்ட சரக்கைச் செய்தவருக்கு மட்டுமல்ல, விற்றவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் உண்டு. தப்பிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: தக்க எச்சரிக்கையோடுதான் வாங்கினேன் என்று நிரூபித்து, யாரிடம் வாங்கினேன் என்ற விவரத்தைக் கேட்டவுடன் கொடுக்க வேண்டும். ‘அசார்ட்டட்’ பில்லை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது?

மலைக்காரர் கேட்ட கேள்வி

ஏஜண்ட் காட்டிய சாம்பிளைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். மலையிலிருந்து புளி கொண்டு வருகிற ஒருவரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, “எங்க ஊட்டுச் செவுத்துல சுண்ணாம்புதாங்க அடிப்போம். இதை யாரு போட்டது?” என்றார். பிறகு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எங்க பேரச் சொல்லி என்னா வெலைக்கு விக்கிறாங்க?” என்று கேட்டார்.

அந்த மனிதர் மலையாளி வகுப்பைச் சேர்ந்தவர். கேரளத்து மலையாளி அல்ல. மலையை ஆள்கிறவர் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். 1976 வரை கல்வராயன்மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அதன் பிறகே அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலையும் சிறு வனப்பொருளாகச் சேர்த்து, சேகரிக்கும் உரிமையைப் பழங்குடிகளுக்குக் கொடுத்தது. தன் விளைச்சலுக்கும் தன் பெயருக்கும் விலை கேட்கிற தலைமுறை இப்போது மலையில் இருக்கிறது. அவர்கள் பேரில் வராத படத்தை அவர்கள் பேரில் விற்கிறோம்; அதை வரைந்த வேறொரு ஜனத்துக்கும் ஒரு காசு போகவில்லை. ஒரே போர்வையில் இரண்டு மலைவாசிகளுக்கு நஷ்டம்.

நம் கடைகளில் ‘கல்வராயன்மலைத் தேன்’, ‘மலைச் சாமை’ என்று ஒட்டி விற்கிறோமே, அதையும் இதே தராசில் வைத்துப் பார்க்கலாம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு வந்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். வெளியூரில் மெஷினில் கடைந்த பொம்மையைக் கள்ளக்குறிச்சிச் சிற்பம் என்று ஒருவர் விற்றால் நமக்கு எப்படி இருக்கும்?

வணிகர் சங்கங்கள் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்குக் கோலாப்பூர் செருப்பு பதில். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் செருப்பின் சாயலில் இத்தாலியின் பிராடா நிறுவனம் 2025 ஜூனில் மிலன் நகரில் காட்சி வைத்தது. கோலாப்பூர் பெயரைச் சொல்லவில்லை. மகாராஷ்டிர வணிகர் சபையிலிருந்துதான் பிராடாவுக்குக் கடிதம் போயிற்று. இந்தியக் கைவினையிலிருந்து எடுத்தது என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஒரு வணிகர் சபையின் லெட்டர்பேடு அவ்வளவு தூரம் வேலை செய்திருக்கிறது.

சரி, போர்வையை விற்பதா வேண்டாமா? தாராளமாக விற்கலாம். ‘விஸ்கோஸ் - பருத்தி கலந்த குழந்தைப் போர்வை, அச்சு டிசைன்’ என்று சொல்லி யானை, நிலா, நட்சத்திரம் போட்டதை விற்றால் எந்தச் சட்டமும் உங்களைக் கேட்காது. மூங்கில் என்று சொல்ல வேண்டுமானால் ‘மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ்’ என்று தயாரிப்பாளர் லேபிளிலும் பில்லிலும் எழுதித் தரட்டும், சதவீதத்தோடு. பழங்குடி ஓவியம் என்றால் ஓவியர் பெயரும் அவர் மக்கள் பெயரும், உரிமம் யாருக்குக் கொடுத்தது என்ற நகலும் வேண்டும். திருப்பூர், கரூர்ப் பக்கமிருந்து ‘எக்ஸ்போர்ட் மிச்சம்’ என்று மலிவாக வருவதில் இன்னும் ஜாக்கிரதை தேவை. வெளிநாட்டு நிறுவனம் பெற்ற உரிமம் அந்த நிறுவனத்துக்குத்தான். மிச்சமான பீஸ் சங்கராபுரம் கடைக்கு வந்துவிட்டால் உரிமமும் கூட வந்துவிடாது.

நூறு ரூபாய்ச் சரக்கில் ஓவியருக்கு ஐந்து ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விலை ஐந்து ரூபாய் கூடும். “கள்ளக்குறிச்சியில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?” என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். மெல்போர்னிலும் சான் ஓசேயிலும் இருக்கிற நம் பிள்ளைகள் பொங்கலுக்கு வரும்போது நம் கடைக்குத்தான் வருகிறார்கள், லேபிளைத் திருப்பிப் படிக்கிறார்கள் என்று சொன்னேன்.

அந்த ஏஜண்டிடம் இழை விகிதம், தயாரிப்பாளர் முகவரி, ஓவிய உரிமம் மூன்றையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். அனுப்புவதாகச் சொல்லிப் போனார்; இதுவரை வரவில்லை. நம் உறுப்பினர்கள் யாராவது இத்தகைய போர்வைகளை ஏற்கெனவே எடுத்திருந்தால், ஒரு பீஸையும் அதற்கான பில்லையும் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். லேபிளில் என்ன இருக்கிறது, பில்லில் என்ன இருக்கிறது என்று சேர்த்து வைத்துப் பார்ப்போம். பில்லில் எழுதச் சொல்ல வேண்டிய வாசகத்தைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வருகிறேன். வேண்டியவர்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம்.